மெயின்ஃப்ரேம் சிஸ்டம் எக்ஸிட்: கோடு சின்னதாக இருக்கட்டுமா, சப்போர்ட்டுக்கு வசதியாக இருக்கட்டுமா? முழுமையான வழிகாட்டி

ஐபிஎம் மெயின்ஃப்ரேமின் ஆபரேட்டிங் சிஸ்டமான இசட்/ஓஎஸ்ஸில் முதல் எக்ஸிட் (குறித்த இடங்களில் சிஸ்டமே கூப்பிடும், தளம் தானே எழுதும் புரோகிராம்) எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். ஒரு சாரார் நூறு வரி அசெம்ப்ளரில் வேலையை முடித்து, "சின்ன புரோகிராம்தானே, இதில் என்ன கெட்டுவிடப் போகிறது" என்று நேராக எல்பிஏவில் (எல்லா ஜாப்களும் பகிரும் மாட்யூல்கள் இருக்கும் பொது மெமரி) ஏற்றிவிடுவார்கள். இன்னொரு சாரார் அதே நூறு வரியைச் சுற்றி ரெக்கவரி, ட்ரேஸ், மெசேஜ் டேபிள் என்று கோட்டை கட்டுவார்கள், கடைசியில் பிழை அந்தக் கோட்டையில்தான் இருக்கும்.

இந்த வழிகாட்டி ஒரே ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டு போகிறது. ஒவ்வொரு ஸ்டெப்பும் முடியும்போது ரிட்டர்ன் கோடு, சிபியு நேரம் இவற்றை ஜாப் லாகில் ஒரு வரியாக எழுத வேண்டும், கூடவே சில எண்ணிக்கைகளைப் பொது மெமரியில் கூட்டிக்கொண்டே வர வேண்டும், ஒரு ஸ்டார்ட்டட் டாஸ்க் (கன்சோலிலிருந்து தொடங்கிப் பின்னணியில் ஓடும் புரோகிராம்) அதைப் படித்துக் காட்டும். இதற்கான எக்ஸிட் ஐஇஎஃப்ஏசிடிஆர்டி. இனி சுருக்கமாக ஆக்டிஆர்டி.

படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். புதியவர்கள் தடுக்கி விழுவது ஒரு படி தெரியாததால் அல்ல, ஆறாவது படியை முதலில் செய்துவிட்டு முதல் படிக்குத் திரும்பி வருவதால்தான்.

1. எழுதத்தான் வேண்டுமா என்று முதலில் பாருங்கள்

எளிமையும் சப்போர்ட் வசதியும் சண்டை போடாத ஒரே இடம் இது. எழுதாத கோடு அபெண்ட் ஆகாது (ஓட்டத்தில் முறிந்து நிற்காது), அதற்கு யாரும் டம்ப் (முறிந்த நேரத்து மெமரிப் பிரதி) படிக்க வேண்டாம்.

நல்ல உதாரணம் ரீஜன் அளவை, அதாவது ஒரு ஜாப் எவ்வளவு மெமரி எடுக்கலாம் என்பதை, கட்டுப்படுத்தும் ஐஇஎஃப்யூஎஸ்ஐ எக்ஸிட். பல தளங்களில் யாரோ எப்போதோ எழுதியது, எழுதியவர் ஓய்வு பெற்றுப் போயிருப்பார், உள்ளே ஜாப் பெயர்கள் ஹார்ட்கோடு செய்யப்பட்டிருக்கும். இசட்/ஓஎஸ் 2.2இல் எஸ்எம்எஃப்லிம் என்ற பார்ம்லிப் மெம்பர் (சிஸ்டம் அமைப்புகளை வைக்கும் லைப்ரரியில் ஒரு ஃபைல்) வந்துவிட்டது. ஜாப் பெயர், யூசர், புரோகிராம் பெயர் என்று வடிகட்டி, ரீஜன் எல்லையை விதிகளாக எழுதிவிடலாம். விதியைப் படிக்க அசெம்ப்ளர் தெரிய வேண்டாம், மாற்ற லிங்க் பண்ண வேண்டாம்.

நம் வேலையையும் அப்படியே கேட்டுப் பாருங்கள். ஸ்டெப் எண்ணிக்கையும் சிபியு நேரமும் எஸ்எம்எஃப் (சிஸ்டம் தன் பயன்பாட்டைப் பதியும் வசதி) எழுதும் டைப் 30 ரெக்கார்டில் ஏற்கெனவே இருக்கின்றன. மறுநாள் காலை ரிப்போர்ட் போதும் என்றால் எக்ஸிட்டே வேண்டாம், ஒரு சார்ட் ஜாப் போதும். "ஜாப் லாகிலேயே உடனே தெரிய வேண்டும்" என்று கேட்பவர் உண்மையிலேயே இருந்தால் மட்டும் அடுத்த படிக்கு வாருங்கள்.

2. கையில் இருக்க வேண்டியவை

ஒரு சோதனை எல்பார் (மெஷினில் தனி சிஸ்டம் ஓடும் ஒரு பகுதி), அதை நீங்களே ஐபிஎல் பண்ணும் (சிஸ்டத்தை மறுபடி தொடங்கும்) உரிமையோடு. அடுத்தவரிடம் கேட்டு ஐபிஎல் பண்ண வேண்டியிருந்தால் உடைத்துப் பார்க்கும் சோதனைகளைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பீர்கள்.

எக்ஸிட் இல்லாத மாற்று பார்ம்லிப் மெம்பர்கள், அவற்றைக் காட்டும் ஒரு மாற்று லோட் மெம்பர். கோடு எழுதும் முன்பே இதை வைத்து ஒருமுறை ஐபிஎல் பண்ணிப் பார்த்துவிடுங்கள். மெஷின் எழும்பாமல் நிற்கும்போது மாற்று மெம்பரில் எழுத்துப்பிழை இருப்பதைக் கண்டுபிடிப்பது நல்ல நேரம் அல்ல.

ஏபிஎஃப் அனுமதி (சிஸ்டம் அதிகாரத்தோடு ஓடும் அனுமதி) உள்ள தனி லைப்ரரி, டம்ப் படிக்க ஐபிசிஎஸ், பிழைப் பதிவான லாக்ரெக்கைப் படிக்க ஈரெப், கன்சோலில் எக்ஸிட்டைச் சேர்க்கும் செட்ப்ராக் கமாண்ட் போடும் அதிகாரம், ஐபிஎம் மாதிரிகள் உள்ள சாம்ப்ளிப் லைப்ரரியின் ஐஇஇஏசிடிஆர்டி என்ற மாதிரி. அந்த மாதிரியை முழுதாகப் படித்துவிட்டு, உங்களுக்குத் தேவையில்லாததை வெட்டுங்கள். வெறும் பக்கத்திலிருந்து தொடங்கினால் பாராமீட்டர் லிஸ்ட்டிலேயே ஒரு வாரம் போய்விடும்.

இன்னொன்று, பலர் விட்டுவிடுவது: இந்தக் கோடைப் பார்க்காத ஒரு ஆள். பதினோராவது படியில் அவர் வேண்டும். அதுவரை அவரிடம் எதையும் விளக்காதீர்கள்.

3. டம்ப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கப் போகிறவர் யார் என்று எழுதுங்கள்

கோடு தொடங்கும் முன் ஒரு பக்கம் எழுதுங்கள். இது உடையும்போது யார் பார்ப்பார், அவர் கையில் என்ன இருக்கும்.

பெரும்பாலான இடங்களில் பதில் இதுதான்: அமெரிக்காவில் நள்ளிரவு தாண்டி பேட்ச் ஓடிக்கொண்டிருக்கும், பார்ப்பவர் சென்னையில் பகல் ஷிஃப்டில் இருப்பார், எழுதியவர் தூங்கிக்கொண்டிருப்பார் அல்லது வேலையை விட்டே போயிருப்பார். சோர்ஸ் எந்த லைப்ரரியில் இருக்கிறது என்றுகூட இவருக்குத் தெரியாது. இருப்பது ஒரு டம்ப், ஒரு சிஸ்லாக், லாக்ரெக்கில் ஒரு என்ட்ரி.

அவர் கேட்கப் போகும் கேள்விகள் நான்கு. எந்த மாட்யூல்? அதில் எந்த வெர்ஷன்? எந்த ஜாபுக்காக ஓடிக்கொண்டிருந்தது? ஐபிஎல் இல்லாமல் இதை நிறுத்த முடியுமா? இந்த நான்கில் ஒன்றுக்குப் பதில் தரும் கோடு உள்ளே வரலாம். எதற்கும் பதில் தராத கோடு, எவ்வளவு அழகாக இருந்தாலும், வெளியே.

இந்த அளவுகோல் இல்லாமல் "ரெக்கவரி வேண்டுமா, ட்ரேஸ் வேண்டுமா" என்று விவாதித்தால் அது ருசி பற்றிய விவாதமாகிவிடும். அனுபவம் கூடியவர் சொல்வது நடக்கும், அவ்வளவுதான்.

4. மாட்யூலின் தலையில் அடையாளம் போடுங்கள்

சப்போர்ட் வசதிகளிலேயே விலை குறைந்தது இது, அதனால் முதலில். மாட்யூலின் தொடக்கத்தில் ஒரு ஜம்ப், அதற்குப் பின்னால் மாட்யூல் பெயர், அசெம்பிள் செய்த தேதி, நேரம், வெர்ஷன். தேதியைக் கையால் எழுதாதீர்கள், அசெம்ப்ளரான எச்எல்ஏஎஸ்எம்மின் சிஸ்டம் வேரியபிள்கள் தரட்டும். கையால் எழுதிய தேதியை இரண்டாவது மாற்றத்தில் யாரும் திருத்துவதில்லை.

எல்பிஏவில் இருக்கும் மாட்யூலென்றால் ஐபிசிஎஸ்ஸின் 'வேர்' கமாண்டே பெயரையும் ஆஃப்செட்டையும் சொல்லிவிடும், அப்புறம் எதற்கு இந்த அடையாளம் என்று கேட்கலாம். பெயரைத்தான் அது சொல்லும். போன வாரம் ஏற்றியதா, போன வருடம் ஏற்றியதா என்று சொல்லாது. மாட்யூலை நீங்களே சிஎஸ்ஏ என்ற பொது மெமரியில் இடம் வாங்கி அங்கே ஏற்றியிருந்தால் பெயரும் கிடைக்காது, "இது சிஎஸ்ஏ" என்று மட்டும் வரும்.

கன்ட்ரோல் பிளாக்குக்கும் (புரோகிராம் தன் தகவலை வைக்கும் மெமரித் துண்டு) இதே கதைதான். முதல் நான்கு பைட் பெயர், அடுத்து வெர்ஷன், அடுத்து நீளம். டம்ப்பைப் புரட்டும்போது சி1 இ2 சி3 சி2 என்று (மெயின்ஃப்ரேமின் எப்சிடிக் எழுத்துக் குறியீட்டில்) கண்ணில் பட்டால், பழகியவர் அதை ஏஎஸ்சிபி (சிஸ்டத்தின் ஒரு கன்ட்ரோல் பிளாக்) என்று உடனே படித்துவிடுவார், வலதுபக்க எழுத்து வரிசைகூட அவருக்கு வேண்டாம். உங்கள் பிளாக்கும் அப்படிக் கண்ணில் பட வேண்டும்.

வெர்ஷன் பைட்டுக்கு இன்னொரு காரணம் உண்டு. எக்ஸிட்டும் ஸ்டார்ட்டட் டாஸ்க்கும் தனித்தனியாக அப்டேட் ஆகும். புதிய டாஸ்க் பழைய பிளாக்கைப் படிக்கும் நாள் கண்டிப்பாக வரும். அன்றைக்கு வெர்ஷனைப் பார்த்து "எனக்கு இது புரியாது" என்று மெசேஜ் போட்டு நிற்கும் டாஸ்க், தப்பான எண்ணைக் காட்டும் டாஸ்க்கைவிட எவ்வளவோ மேல்.

5. மெயின் பாதையை நேர்க்கோடாக எழுதுங்கள்

இங்கே எளிமைக்கே முதலிடம். ஸ்டெப் முடிந்தது, எண்களை எடு, வரியைக் கட்டு, எழுது, கூட்டு, திரும்பு. நடுவில் ஆப்ஷன் கூடாது, டேபிள் வழி டிஸ்பாட்ச் கூடாது, "நாளைக்குத் தேவைப்படலாம்" என்று ஒரு வரியும் கூடாது. இந்தப் பாதை ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் ஓடும், டம்ப்பிலிருந்து பின்னோக்கிப் படிக்கப்படுவதும் இதுதான்.

ரீஎன்ட்ரன்ட்டாக, அதாவது புரோகிராம் தன்னுள்ளேயே எதையும் எழுதாதபடி, எழுதுங்கள். ஒரே நேரத்தில் பல அட்ரஸ் ஸ்பேஸ்கள் (ஜாபுக்கு ஜாப் தனி மெமரி வெளி) இதே காப்பியை ஓட்டும் என்பது முதல் காரணம். எல்பிஏ பக்கங்கள் எழுத முடியாதபடி பாதுகாக்கப்பட்டவை என்பது இரண்டாவது. கீ 0இல் (மெமரி அனுமதி எண்; 0 சிஸ்டத்துக்கு, 8 சாதாரண ஜாபுக்கு) ஓடுகிறோமே, எதிலும் எழுதலாமே என்று நினைப்பவர்கள் உண்டு. பக்கப் பாதுகாப்பு கீயைப் பார்க்காது, எஸ்0சி4 (தொடக்கூடாத மெமரியைத் தொட்டதற்கான அபெண்ட்) வந்தே தீரும்.

வழக்கமான தடுமாற்றம்: சேவ் ஏரியாவை (ரெஜிஸ்டர்களைச் சேமிக்கும் இடம்) மாட்யூலுக்குள்ளேயே வைத்து, ஒரு பேட்ச் ஜாபில் சோதித்து, எல்லாம் ஓடுகிறது என்று எல்பிஏவில் ஏற்றுவது. சோதனையில் பிடிபடாததற்குக் காரணம், லிங்க் பண்ணும்போது ரென்ட் (ரீஎன்ட்ரன்ட் என்ற குறி) கொடுக்காததுதான். ஏபிஎஃப் லைப்ரரியிலிருந்து ரென்ட் மாட்யூலாக ஏற்றினால் சிஸ்டம் அதைக் கீ 0 மெமரியில் வைக்கும், உங்கள் கீ 8 சோதனை ஜாப் அங்கே எழுதப்போய் அப்போதே சாக்-ஃபோர் (அதே எஸ்0சி4) வாங்கிவிடும். டெஸ்டில் வாங்குவதுதான் நல்லது.

எண்ணிக்கையைக் கூட்டும் இடத்தில் லோட், ஆட், ஸ்டோர் என்று மூன்று இன்ஸ்ட்ரக்‌ஷன் எழுதாதீர்கள். இரண்டு சிபியு ஒரே நேரத்தில் வந்தால் ஒரு எண்ணிக்கை காணாமல் போகும், அபெண்ட் ஆகாது, யாருக்கும் தெரியாது. இதைத் தெரிந்துகொண்டவர் அடுத்து லாக் எடுக்கப் போவார். லாக் எடுத்தால் அதை விடுவிக்க ரெக்கவரி வேண்டும், ரெக்கவரி வந்தால் அதைச் சோதிக்க வேண்டும், கோட்டை எழும்பத் தொடங்கிவிடும். எல்ஏஏ என்ற ஒரே இன்ஸ்ட்ரக்‌ஷன் மெமரியில் இருப்பதை அப்படியே இடைவெட்டில்லாமல் கூட்டிவிடும். 2010இல் வந்த இசட்196 தொட்டு இது உண்டு. அதற்கும் பழைய மெஷினென்றால் கம்பேர் அண்ட் ஸ்வாப்பில் ஒரு சின்ன லூப்.

6. ரெக்கவரி: கையில் எதையாவது பிடித்திருக்கிறீர்களா?

இந்தப் படியில்தான் வாதம் அதிகம் நடக்கும், அதனால் நிதானமாக.

ஆக்டிஆர்டி டைனமிக் எக்ஸிட் வசதியின் கீழ் ஓடுகிறது. ரொட்டீனைச் சேர்க்கும்போது அபெண்ட்நம் என்று ஒரு எண் கொடுக்கலாம். அத்தனை முறை அபெண்ட் ஆனால் சிஸ்டமே அந்த ரொட்டீனைச் செயலிழக்கச் செய்துவிடும். உங்கள் பக்கம் ஒரு வரி கோடு இல்லாமல் கிடைக்கும் சப்போர்ட் வசதி இது. ஒரு அபெண்டின்போது நடந்துகொண்டிருந்த ஜாபுக்கு என்ன ஆகும் என்பது எக்ஸிட்டுக்கு எக்ஸிட் மாறும், மேனுவலில் அந்த எக்ஸிட்டின் பக்கத்தைப் படித்து, டெஸ்டில் உடைத்தும் பார்த்துவிடுங்கள்.

இப்போது ஒருவர் "பாதுகாப்புக்காக" உள்ளே ஒரு எஸ்டேஎக்ஸ் (அபெண்டைப் பிடிக்கும் ரெக்கவரி ரொட்டீனை அமைக்கும் மேக்ரோ) போடுகிறார். அபெண்ட் வந்தால் அவருடைய ரெக்கவரி ரொட்டீன் பிடிக்கிறது, ரீட்ரை செய்கிறது, எக்ஸிட் ஒன்றும் நடக்காதது போலத் திரும்புகிறது. ஜாப் பிழைத்தது, நல்லதுதான். ஆனால் அந்த அபெண்ட் சிஸ்டத்தின் காதுக்குப் போகவே இல்லை, அபெண்ட்நம் எண்ணவும் இல்லை. இனி ஒவ்வொரு ஸ்டெப்பும் ஒரு அபெண்ட், ஒரு ரீட்ரை, இரவு முழுக்க. பேட்ச் ஏன் மெதுவாகிவிட்டது என்று தேடுகிறவருக்கு எந்த மெசேஜும் இல்லை. கூடுதலாக எழுதிய கோடு, சும்மா கிடைத்த வசதியை அணைத்துவிட்டது.

அதனால் என் கணக்கு இது: எக்ஸிட் லாக் பிடித்திருந்தாலோ, என்க்யூ (ஒரு ரிசோர்ஸுக்கான பூட்டு) எடுத்திருந்தாலோ, பாதி மாற்றிய நிலையில் ஒரு பொது டேபிள் இருந்தாலோ ரெக்கவரி வேண்டும், அதையும் அந்தப் பகுதிக்கு மட்டும். கையில் எதையும் பிடிக்கவில்லையென்றால் வேண்டாம், சிஸ்டம் பார்த்துக்கொள்ளும். எல்ஏஏவால் கூட்டும் நம் எக்ஸிட்டின் முதல் வடிவத்துக்கு ரெக்கவரி தேவையே இல்லை.

தேவைப்படும்போது செய்ய வேண்டிய வரிசை:

முதலில் எஸ்டிடபிள்யூஏ (அபெண்ட் விவரங்களைச் சிஸ்டம் தரும் பகுதி) இருக்கிறதா என்று பாருங்கள். எஸ்டேஎக்ஸ் ரொட்டீனுக்குள் நுழையும்போது ரெஜிஸ்டர் 0இல் 12 இருந்தால் எஸ்டிடபிள்யூஏ கிடையாது. இதைப் பார்க்காமல் ரெஜிஸ்டர் 1ஐ நம்பிப் போனால் ரெக்கவரியே அபெண்ட் ஆகும், மூல அபெண்டின் தடயம் அதன் கீழே புதைந்துவிடும்.

அடுத்து அடையாளம். மாட்யூல் பெயர், சிசெக்ட் பெயர், ரெக்கவரி ரொட்டீன் பெயர் மூன்றையும் செட்ஆர்பி மேக்ரோ மூலம் எஸ்டிடபிள்யூஏவில் எழுதுங்கள். லாக்ரெக் என்ட்ரியைப் படிக்கிறவருக்கு உதவும் என்பதோடு, ஒரே டம்ப் திரும்பத் திரும்ப எடுக்கப்படாமல் டிஏஇ என்ற சிஸ்டம் வசதி தடுப்பதும் இந்த அடையாளங்களை வைத்துத்தான். இவை இல்லாவிட்டால் ஒரே பிழைக்கு டம்ப் டேட்டாசெட்டுகள் நிரம்பும்.

அப்புறம் டம்ப், அப்புறம் பிடித்ததை விடுவித்தல், கடைசியில் ரீட்ரையா பெர்கொலேட்டா (அபெண்டை மேலே உள்ள ரெக்கவரிக்கு விட்டுவிடுவது) என்ற முடிவு. டம்ப் முதலில் ஏன் என்றால், விடுவித்த பிறகு எடுத்த டம்ப்பில் குற்றம் நடந்த நிலை இருக்காது. சந்தேகமிருந்தால் பெர்கொலேட். ரீட்ரைதான் வேண்டும் என்றால், எத்தனை முறை என்று நீங்களே எண்ணி நீங்களே நிறுத்தும் பொறுப்பும் சேர்ந்து வருகிறது.

ரெக்கவரி ரொட்டீனில் மெயின் பாதையின் பாயின்டர்களைத் தொடாதீர்கள். அபெண்டுக்குக் காரணமே அந்தப் பாயின்டராக இருக்கலாம்.

7. மெசேஜ் குறைவாக, ஆனால் முழுதாக

ஸ்டார்ட்டட் டாஸ்க்கிலிருந்து வரும் ஒவ்வொரு மெசேஜுக்கும் எண் வேண்டும். மூன்றெழுத்து முன்னொட்டு, எண், கடைசியில் வகை எழுத்து, தகவல் என்றால் ஐ, ஆபரேட்டர் செயல்பட வேண்டும் என்றால் ஏ, நேரம் கிடைக்கும்போது கவனிக்க வேண்டும் என்றால் இ. ஆட்டோமேஷன் புரோடக்டுகள் இந்த எண்ணை வைத்துத்தான் பிடிக்கின்றன, வாசகத்தை வைத்து அல்ல.

"பிழை ஏற்பட்டது" என்று மட்டும் சொல்லும் மெசேஜை எழுதுவதற்குப் பதில் எழுதாமலே இருக்கலாம். ஜாப் பெயர், எந்தச் சர்வீஸ் தோற்றது, அதன் ரிட்டர்ன் கோடு, ரீசன் கோடு, கூடவே உங்கள் கோடில் எந்த இடம் என்பதற்கு ஒரு தனி எண். ஒரே ரீசன் எண்ணை இரண்டு இடத்தில் போடாதீர்கள். சோர்ஸில் அந்த எண்ணைத் தேடினால் ஒரே இடத்தில்தான் வந்து நிற்க வேண்டும்.

எக்ஸிட்டுக்குள்ளிருந்து டபிள்யூடிஓ (கன்சோலுக்கு மெசேஜ் அனுப்பும் மேக்ரோ) போடும் முன் எந்தச் சூழலில் ஓடுகிறீர்கள் என்று பாருங்கள். டபிள்யூடிஓ என்பது எஸ்விசி 35, அதாவது சிஸ்டம் சர்வீஸைக் கூப்பிடும் இன்ஸ்ட்ரக்ஷன். லாக் பிடித்த நிலையிலோ கிராஸ் மெமரியிலோ (வேறொரு அட்ரஸ் ஸ்பேஸைத் தொட்டு ஓடும் நிலை) எஸ்விசி போட்டால் எஸ்0எஃப்8 அபெண்ட். இதில் விழுகிறவர்கள் பெரும்பாலும் எஸ்எம்எஃப் ரெக்கார்டு எக்ஸிட்டுகள் எழுதுகிறவர்கள். ஐஇஎஃப்யூ83க்கு (சுருக்கமாக யூ83) எழுதிய கோடை அப்படியே யூ84, யூ85 பெயரிலும் காப்பி செய்வார்கள். யூ85 கிராஸ் மெமரியில் கூப்பிடப்படும், அங்கே அந்த மெசேஜே அபெண்ட்.

8. பொது மெமரியில் வைக்கும் பிளாக்

எண்ணிக்கை பிளாக்கை எக்ஸிட் எப்படிக் கண்டுபிடிக்கும்? மிகச் சுலபமான வழி சிவிடியூசர், அதாவது சிவிடி என்ற சிஸ்டத்தின் முக்கியக் கன்ட்ரோல் பிளாக்கில் தளத்துக்கென்று விடப்பட்ட ஒரே ஒரு நான்கு பைட் இடம். ஓரிரு இன்ஸ்ட்ரக்‌ஷனில் எடுத்துவிடலாம். பிரச்சினை, எல்லாரும் அப்படியே நினைத்திருப்பார்கள். இருபது வருடம் முன்பு யாரோ அதில் ஒரு முகவரி வைத்திருப்பார், நீங்கள் மேலே எழுதினால் உடைவது உங்கள் புரோகிராம் அல்ல, அவருடையது.

நேம்/டோக்கன் சர்வீஸைப் (பெயரைக் கொடுத்தால் அதற்குச் சேமித்த மதிப்பைத் தரும் வசதி) பயன்படுத்துங்கள். பதினாறு பைட் பெயர், பதினாறு பைட் டோக்கன், சிஸ்டம் அளவில். சில வரி கூடும், ஆனால் பெயரில் உங்கள் முன்னொட்டு இருப்பதால் மோதாது. டோக்கனில் முகவரியோடு பிளாக்கின் வெர்ஷனையும் வைத்துவிடலாம். இங்கே சப்போர்ட் வசதிதான் ஜெயிக்க வேண்டும்.

மெமரி வாங்கும்போது ஸ்டோரேஜ் ஆப்டெய்ன் மேக்ரோவில் ஓனர்=சிஸ்டம் என்று கொடுங்கள். கொடுக்காவிட்டால் வாங்கிய அட்ரஸ் ஸ்பேஸ் பெயரில் கணக்காகும். அந்த அட்ரஸ் ஸ்பேஸ் முடிந்த பிறகு சிஎஸ்ஏ கசிவு தேடுகிறவரின் ரிப்போர்ட்டில் "சொந்தக்காரர் போய்விட்டார்" என்று உங்கள் பிளாக் நிற்கும். கசிவு இல்லாத இடத்தில் அவர் நேரம் செலவழிப்பார்.

சரி, டாஸ்க் நிற்கும்போது பிளாக்கை விடுவிக்க வேண்டுமா? வேண்டாம். ஒரு சிபியுவில் எக்ஸிட் அந்தப் பிளாக்கைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது விடுவித்தால் எஸ்0சி4, அல்லது அதைவிட மோசம், வேறொருவருடைய மெமரியில் உங்கள் கூட்டல். பாதுகாப்பாக விடுவிக்க யூஸ் கவுன்ட், காத்திருப்பு, டைம்அவுட் எல்லாம் எழுத வேண்டும். நான்கு கிலோபைட் ஈசிஎஸ்ஏவை (சிஎஸ்ஏவின் மேல் பகுதி) அடுத்த ஐபிஎல் வரை விட்டுவையுங்கள், டாஸ்க் மறுபடி வரும்போது அதே பிளாக்கைக் கண்டுபிடித்துப் பயன்படுத்தட்டும். "சுத்தமாக இல்லையே" என்று கோடு ரிவ்யூவில் யாராவது சொல்வார்கள். சொல்லட்டும்.

9. அணைக்கும் வழி

தனியாக ஆன்/ஆஃப் ஃப்ளாக் எழுதாதீர்கள், ஏற்கெனவே இருக்கிறது. செட்ப்ராக் எக்ஸிட் மாடிஃபை கமாண்டில் நிலையை இன்ஆக்டிவ் என்று கொடுத்தால் ரொட்டீன் கூப்பிடப்படாது, ஐபிஎல் வேண்டாம். இந்தக் கமாண்டை முழுதாக, காப்பி பண்ணி ஒட்டும்படி, ஆபரேட்டர் குறிப்பின் முதல் வரியாக எழுதுங்கள். விளக்கமெல்லாம் கீழே.

அதே கமாண்டில் ஜாப் பெயர் வடிகட்டியும் உண்டு. முதல் வாரம் உங்கள் டெஸ்ட் ஜாப்களின் பெயருக்கு மட்டும் ஓடும்படி வையுங்கள். பலருக்கு இது இருப்பதே தெரியாமல் எக்ஸிட்டுக்குள் ஜாப் பெயர் ஒப்பிடும் கோடு எழுதி, அதை எடுக்க மறந்துவிடுகிறார்கள்.

டெலீட் பண்ணும்போது ஃபோர்ஸ் கொடுக்கத் தோன்றும். கொடுக்காதீர்கள். யாரோ உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்போது மாட்யூலின் மெமரியைப் பிடுங்கினால் அடுத்த இன்ஸ்ட்ரக்‌ஷன் இருக்காது.

10. ஏற்றும் வரிசை

முதலில் செட்ப்ராக் கமாண்ட், கடைசியில்தான் ப்ராக் பார்ம்லிப் மெம்பர். காரணம், கமாண்டால் சேர்த்தது ஐபிஎல்லோடு போய்விடும், அதுவே உங்களுக்குப் பாதுகாப்பு. மெம்பரில் முதலிலேயே எழுதிவிட்டால் மோசமான மாட்யூல் ஐபிஎல்லிலேயே வந்து உட்காரும்.

மறுபக்கமும் நடக்கும். கமாண்டால் சேர்த்து, நன்றாக ஓடி, மெம்பரில் எழுத மறந்து, ஞாயிற்றுக்கிழமை ஐபிஎல்லுக்குப் பிறகு திங்கட்கிழமை "அந்த வரி ஏன் வரவில்லை" என்று போன் வரும். சேஞ்ச் டிக்கெட்டை மூடும் முன் மெம்பரைத் திறந்து பாருங்கள்.

எக்ஸிட்டின் பெயர் சிஸ்.ஐஇஎஃப்ஏசிடிஆர்டி. எஸ்எம்எஃப்பிஆர்எம் மெம்பரில் எஸ்டிசிக்குத் தனி சப்சிஸ் வரியில் எக்ஸிட்டுகள் எழுதியிருந்தால், ஸ்டார்ட்டட் டாஸ்க்குகளுக்குக் கூப்பிடப்படுவது சிஸ்எஸ்டிசி.ஐஇஎஃப்ஏசிடிஆர்டி. இரண்டிலும் சேர்க்க வேண்டும். பேட்சுக்கு வருகிறது, ஸ்டார்ட்டட் டாஸ்க்குக்கு வரவில்லை என்றால் முதலில் இங்கே பாருங்கள், கோடில் அல்ல.

ஐபிஎம் தந்த மாட்யூலை மாற்றுகிறீர்கள் என்றால் எஸ்எம்பி/இ (மென்பொருள் மாற்றங்களை நிர்வகிக்கும் கருவி) வழியாக யூசர்மாட், அதாவது தளத்தின் சொந்த மாற்றம்தான், பேச்சே இல்லை. ஐபிஎம் தரும் அடுத்த பிடிஎஃப் திருத்தம் உங்கள் மாற்றத்தை மிதிக்கும்போது சொல்லும் ஒரே ஆள் எஸ்எம்பி/இதான். அதை அப்ளை மட்டும் செய்யுங்கள், அக்செப்ட் செய்யாதீர்கள், செய்தால் ரெஸ்டோர் பண்ணித் திரும்பிப் போக மூலப் பிரதி இருக்காது. நீங்களே எழுதிய தனி மாட்யூலென்றால் சொந்த லைப்ரரியும் ஒழுங்கான சோர்ஸ் கன்ட்ரோலும் போதும் என்பது என் கருத்து. இதை ஒப்புக்கொள்ளாதவர்களும் உண்டு. நான்காவது படியின் தேதி அடையாளம் இருந்தால் இரண்டுமே ஓடும்.

11. நீங்களே உடைத்துப் பாருங்கள்

மெயின் பாதையில் மூன்று இடங்களில், ஒவ்வொன்றாக, இரண்டு பைட் பூஜ்யம் வையுங்கள். அது செல்லாத ஆப்கோடு, எஸ்0சி1 உறுதி. ஒவ்வொரு தடவையும் பாருங்கள்: ஜாபுக்கு என்ன ஆயிற்று, லாக்ரெக்கில் மாட்யூல் பெயர் வந்ததா, அபெண்ட்நம் எண்ணிக்கைக்குப் பிறகு ரொட்டீன் நின்றதா.

இரண்டாவது தடவை டம்ப் வராமல் போகலாம். பதறாதீர்கள், கோடும் கெடவில்லை. ஒரே அறிகுறி என்று டிஏஇ தடுத்துவிட்டது. சோதனை சிஸ்டத்தில் தற்காலிகமாக டிஏஇயை நிறுத்திவிட்டுத் தொடருங்கள், முடிந்ததும் திரும்பப் போட மறக்காதீர்கள்.

இப்போது அந்தக் கோடைப் பார்க்காத ஆளைக் கூப்பிடுங்கள். டம்ப்பை மட்டும் கொடுங்கள், சோர்ஸ் வேண்டாம். ஸ்டேட்டஸ் ஃபெயில்டேட்டா, சிஸ்ட்ரேஸ் இரண்டிலிருந்து மூன்றாவது படியின் நான்கு கேள்விகளுக்கும் அவர் பதில் சொல்லட்டும். அவர் எந்தக் கேள்வியில் தயங்குகிறாரோ அங்கே மட்டும் கோடு சேருங்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினால் இந்தச் சோதனையே செல்லாது.

12. ட்ரேஸ், வருடாந்தரப் பார்வை

சொந்த ட்ரேஸ் டேபிள் பற்றி ஒரு வார்த்தை. இந்த அளவு எக்ஸிட்டுக்கு வேண்டாம். குறிப்பிட்ட முகவரியில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் ஸ்லிப் ட்ராப் (ஒரு நிகழ்வுக்காகக் காத்திருந்து பிடிக்கும் சிஸ்டம் கமாண்ட்) போட்டால் போதும், கோடைத் தொடவே வேண்டாம். ஸ்டார்ட்டட் டாஸ்க்கில் பல சப்டாஸ்க்குகள் வந்து, யார் முதலில் வந்தார் என்ற வரிசையே கேள்வியாகும் நிலை வந்தால் அப்போது யோசிக்கலாம், அப்போதும் முதலில் ஜிட்ரேஸ் மேக்ரோ மூலம் ஜிடிஎஃப்புக்கு (சிஸ்டத்தின் பொது ட்ரேஸ் வசதி) எழுதிப் பாருங்கள்.

ஒவ்வொரு இசட்/ஓஎஸ் ரிலீஸ் ஏறும்போதும் எக்ஸிட்டைப் புதிய மேக்ரோக்களோடு மறுபடி அசெம்பிள் செய்யுங்கள், சாம்ப்ளிபில் உள்ள மாதிரி மாறியிருக்கிறதா என்று பழையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அப்படியே அந்த ரிலீஸில் வந்த புதிய பார்ம்லிப் வசதிகளையும் புரட்டுங்கள். உங்கள் எக்ஸிட் செய்யும் வேலையை ஒரு பார்ம்லிப் விதி செய்துவிடும் என்றால், அந்த மெயின்டனன்ஸ் விண்டோவிலேயே எக்ஸிட்டைக் கழற்றிவிடுங்கள்.